நன்மை வாங்காதவர்கள்

எங்கள் கடற்கரையில் கத்தோலிக்கர்கள் நற்கருணையை ‘நன்மை’ என்பார்கள். நற்கருணை, தேவநற்கருணை, சற்பிரசாதம் என்பவை பிரசங்கத்துக்கும் ஜெபப் புத்தகத்துக்கும் உரிய சொற்கள். வீட்டில், தெருவில், கடற்கரையில் நன்மைதான். நன்மை வாங்கினாயா, ஏன் நன்மைக்குப் போகவில்லை, சின்னவனுக்கு எப்போது புதுநன்மை என்றுதான் கேட்பார்கள். தமிழில் மற்ற எல்லோரும் நன்மையைச் செய்கிறார்கள். நாங்கள் வாங்குகிறோம். இந்த வினைச்சொல் வித்யாசத்தை யாரும் யோசித்து ஏற்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் ஐரோப்பாவில் அகஸ்டின் காலத்திலிருந்து மண்டை உடைத்துக்கொண்ட ஒரு விவகாரம் இதற்குள் அடங்கியிருக்கிறது. நல்லது என்பது மனிதன் தன் முயற்சியால் ஆகிறதா, அல்லது வெறுங்கையை நீட்டுகிறவனுக்குக் கொடுக்கப்படுகிறதா?

அருளுக்கும் எங்களிடம் ஒரு பழைய சொல் இருந்தது. மங்கள வார்த்தை ஜெபத்தின் பழைய வடிவத்தில், இப்போது ‘அருள்’ என்று சொல்கிற இடத்தில், ‘பிரியதத்தம்’ என்று வரும். பிரியத்தினால் தத்தம் செய்யப்பட்டது. கூலியும் இல்லை, கடனும் இல்லை. ஞானோபதேசத்தில் ‘இஷ்டப்பிரசாதம்’ என்றும் சொல்வார்கள். இஷ்டம் கொடுக்கிறவருடையது. புராட்டஸ்டன்டுகள் கிருபை என்றார்கள். அருள் என்ற சொல் வந்தபோது அதனோடு ஒரு பெரிய சைவப் பரம்பரையும் வந்து சேர்ந்தது. நமக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையும் வடகலையும் மார்ச்சால நியாயம், மர்க்கட நியாயம் என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியது இதைத்தான். சைவ சித்தாந்தி இருவினையொப்பு, மலபரிபாகம் என்று படிகள் வைத்துப் பிறகு சத்திநிபாதம் என்றான். அருள் இறங்குவதற்கு முன்னால் பாத்திரம் தயாராகியிருக்க வேண்டுமா என்பதே எல்லோருடைய கேள்வியும்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நண்பர்களில் அநேகருக்கு நற்கருணை வேறொரு வீட்டுக்குள் நடக்கிற விவகாரம். அவர்களில் ஒருவர் கவிதை எழுதுகிறவர். ஒரு கல்யாணப் பூசைக்கு வந்திருந்தார். நன்மை கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். தான் உட்கார்ந்திருந்ததில் அவருக்குச் சங்கடம் இல்லை. ஆனால் அதுவரை முழங்காலில் நின்று ஜெபம் சொன்ன நாலைந்து பேர் தன்னைப் போலவே உட்கார்ந்திருந்ததைக் கவனித்திருக்கிறார். வெளியே வந்ததும், “அவங்க ஏன் போகலை?” என்று கேட்டார். சட்டத்தைச் சொல்லிப் பதில் முடித்திருக்கலாம். சாவான பாவத்தோடு இருக்கிறோம் என்று அறிந்தவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக்கூடாது. வாங்கினால் அது தேவதுரோகம். ஆனால் அவர் கேட்டது சட்டத்தை அல்ல. ஒரு விருந்துக்கு வந்து, பக்தியோடு கூடவே இருந்து, சாப்பாடு வரும்போது மட்டும் எழுந்திருக்காதவர்களைப் பற்றி. அதற்கு ஒரே பேச்சில் பதில் சொல்ல முடியவில்லை.

சட்டத்துக்குள்ளேயே இரட்டைக் குரல் இருக்கிறது. ட்ரெண்ட் பொதுச்சங்கம் 1551-ல் தன் 13-ஆவது அமர்வில் நற்கருணையைப் பற்றித் தீர்மானம் செய்தது. இரண்டாம் அத்தியாயத்தில், அது நாளாந்தக் குற்றங்களிலிருந்து நம்மை விடுவித்து, சாவான பாவத்திலிருந்து காக்கும் முறிமருந்து என்கிறது. ஐந்து அத்தியாயம் தள்ளி, சாவான பாவமுள்ளவன் அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்கிறது. மருந்து உண்டு, ஆனால் கடும் நோயாளிக்கு இல்லை. வைத்தியர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள்: சில மருந்து குடல் சுத்தமான பிறகே ஏறும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்து என்ற உவமை, அதன்பிறகு முன்போல் அவ்வளவு லகுவாக வாயில் வருவதில்லை.

பிரான்சில் 1643-ல் ஆன்ட்வான் ஆர்னோ, அடிக்கடி நன்மை வாங்குவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜான்சனியக் கோஷ்டியைச் சேர்ந்தவர். மனிதனால் ஒன்றும் ஆகாது, எல்லாம் அருளே என்று அவர்களைப்போல அழுத்திச் சொன்னவர்கள் கத்தோலிக்கத்தில் கிடையாது. ஆனால் பந்திக்கு வரும் விஷயத்தில் அவர்களே மிகக் கண்டிப்பு. நீண்ட தவம் செய், உன்னைச் சோதி, ஒதுங்கி நில், அப்புறம் வா என்றார்கள். அவர்களுக்கு எதிரே நின்ற இயேசு சபையார் மனித சுதந்திரத்துக்கும் முயற்சிக்கும் இடம் கொடுத்தவர்கள். ஆனால் நன்மை கொடுப்பதில் அவர்கள் தாராளம். எல்லாம் அருள் என்றவன் கதவை ஒருக்களித்து வைத்தான். முயற்சி வேண்டும் என்றவன் திறந்து வைத்தான். 1905-ல் பத்தாம் பத்திநாதர் தினசரி நன்மை வாங்கலாம் என்று ஆணை பிறப்பித்தபோதுதான் அந்தக் குளிர் கொஞ்சம் விட்டது. பிறகு 2013-ல், காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் தன் ஊக்கவுரை ஒன்றில், நற்கருணை குறையற்றவர்களுக்குக் கொடுக்கும் பரிசல்ல, பலவீனர்களின் மருந்தும் உணவும் என்ற பொருளில் எழுதினார். ட்ரெண்டின் இரண்டாம் அத்தியாயத்தைத்தான் அவர் திரும்பச் சொன்னார். ஏழாவது இன்னும் அங்கேயே இருக்கிறது.

இந்தக் கடற்கரைக்கு வந்தவர்கள் அந்த இயேசு சபையார்தான். 1530-களின் நடுவில் பரதவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்கு முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையும் போர்த்துக்கீசியர் பாதுகாப்பும் காரணம். 1542-ல் சவேரியார் வந்தார். பின்னால் அன்றீக் அடிகளார் என்று நாம் சொல்லும் என்றிக்கே என்றீக்கஸ் வந்து புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் அரை நூற்றாண்டு கழித்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். 1580-ல் கொச்சியில் அச்சான அவருடைய ‘கொம்பெசியொனாயரு’வை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல் அது. தமிழ் அச்சு தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் தமிழனின் கையில், உன் பாவத்தை எப்படிக் கண்டுபிடித்து எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று கற்றுக்கொடுக்கும் புத்தகம் வந்துவிட்டது. தமிழ் உரைநடையில் ‘தன்னை விசாரித்தல்’ இப்படியும் ஒரு வழியில் நுழைந்தது என்று நம் உரைநடை வரலாற்றாசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

விசாரணை தவிர உபவாசமும் இருந்தது. நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தவனே நன்மைக்கு வரலாம் என்ற விதி 1950-கள் வரை நின்றது. 1953-ல் தண்ணீருக்கு விலக்குக் கிடைத்தது, 1957-ல் மூன்று மணி நேரமானது, 1964-ல் ஒரு மணி நேரமாயிற்று. ராத்திரி முழுக்கத் தண்டு வலித்து விடியலில் கரையேறுகிறவனுக்கு அந்த விதி என்ன அர்த்தம்? படுத்துத் தூங்கி எழுகிறவனுக்கு உபவாசம் சுலபம். யோக்யதை என்று நாம் சொல்வதில் எவ்வளவு ஒழுக்கம், எவ்வளவு வசதி என்று பிரித்துப் பார்க்க இது ஒன்றே போதும்.

என் பெரியம்மா முப்பத்தோரு வருஷம் நன்மை வாங்கவில்லை. ஊர்ப்பெயர் வேண்டாம். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அவளுக்குப் பதினெட்டில் கல்யாணம். பெரியப்பா கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை செய்தவர். ஒரு பயணத்தில் அங்கேயே தங்கிவிட்டார். முதலில் கடிதம் வந்தது, பிறகு பணம் மட்டும் வந்தது, பிறகு இரண்டும் இல்லை. இறந்தாரா, இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறாரா என்று அறுதியாகச் சொல்ல யாருமில்லை. இறந்ததற்கு அத்தாட்சி இல்லாதவரை கோயிலில் மறுகல்யாணம் இல்லை. ஒன்பது வருஷம் பொறுத்து, மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஓர் ஓடாவியோடு அவள் குடித்தனம் போனாள். வள்ளம் கட்டுகிற நல்ல கைக்காரர். அதிகம் பேசமாட்டார். அந்தப் பிள்ளைகள் அவளை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. ஊரில் புதுநன்மைக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் முக்காடும் தைப்பது அவள்தான். கூலி வாங்குவாள், இல்லாத வீட்டில் வாங்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் மணிக்கே போய்க் கடைசி வரிசையில் இருப்பாள். நன்மை நேரத்தில் தலைகுனிந்திருப்பாள். சிறுவயதில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தான் தைத்த கவுன்கள் வரிசையாகக் கிராதிக்குப் போவதை அவள் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தில் துக்கம் இருந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அவள் தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் யாரும் கடுமை காட்டவில்லை. வந்த சாமியார்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பிரிந்து வா; முடியாவிட்டால் ஒரே வீட்டில் அண்ணன் தங்கையாக இருங்கள், நன்மை தருகிறோம். இதைச் சொன்னபோது மட்டும் அவள் சிரிப்பாள். விதியை எழுதியவர்கள் அவர்கள் அல்ல. அந்த விதிக்கும் ஒரு நியாயம் உண்டு. கரையில் ஒருத்தி, அக்கரையில் ஒருத்தி என்று ஆண்கள் இருந்துவிடாமல் இந்தக் கடற்கரைப் பெண்களைப் பல தலைமுறைகளாகக் காத்ததில் ‘ஒரே கல்யாணம்’ என்ற சட்டத்துக்குப் பங்கு உண்டு. எழுதியபோது யாரைக் காக்க எழுதினார்களோ அவள் தலையில் அது விழுந்தது. விட்டுப்போனவன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தான். இருந்தவள்தான் விசாரிக்கக் கிடைத்தாள்.

ஓடாவி இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து, புதிதாக வந்திருந்த இளம் சாமியார் தானே வீடு தேடி வந்தார். இனிமேல் தடை ஒன்றுமில்லை, ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வரும் ஞாயிறே நன்மை வாங்கலாம் என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் அப்போது கல்லூரி விடுமுறையில் அங்கிருந்தேன். அவர் போன பிறகு பெரியம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்:

“எதைச் சொல்லி சங்கீர்த்தனம் பண்ணச் சொல்லுதாரு மக்கா? அந்த மனுசனைப் பாவம்னு சொல்லணும். சொல்லிட்டு நன்மை வாங்கணும். எனக்கு அது தொண்டைக்குள்ள இறங்குமா?”

அவள் போகவில்லை. எட்டு வருஷம் கழித்து இறந்தாள். கடைசி இரண்டு நாள் நினைவில்லை. சாமியார் வந்து அவஸ்தை பூசினார், பாவப் பொறுத்தலும் கொடுத்தார். நினைவற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. விழுங்க முடியாததால் நன்மை கொடுக்கவில்லை. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத நிலையில்தான் எண்ணெய் அவள் நெற்றிக்கு வந்தது. பூனை குட்டியைக் கவ்வியது என்று தென்கலை நண்பர் ஒருவர் சொன்னார். ஆறுதலாகச் சொன்னதுதான். எனக்கு அது அவ்வளவு சுலபமாகச் செரிக்கவில்லை. நினைவிருந்த முப்பத்தொன்பது வருஷமும் அவளிடம் கேட்கப்பட்டது ஒரு விலை. தனக்குப் பிரியதத்தமாகக் கிடைத்த ஒன்றைப் பாவம் என்று பெயர் மாற்றிச் சொல்லும் விலை.

இந்த அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிடு, யார் வேண்டுமானாலும் வரட்டும், யாரையும் எதுவும் கேட்காதே என்று எழுதி முடித்திருக்கலாம். வெகுநாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் நம் நாட்டில் ‘எதுவும் கேட்காதே’ என்ற பந்திக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

1833 ஜூலையில் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வித்யாசம் சபைக்குள் உடனே, அறுதியாக, மீதமில்லாமல் ஒழிய வேண்டும். ராப்போஜனத்துக்கு எல்லோரும் கலந்து வரவேண்டும். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெருவாரியாக வெளியேறினார்கள். எதிர்ப்புக்கு எழுத்தால் தலைமை தாங்கியவர் யார் என்றால், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார்; ஷ்வார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு, சரபோஜியின் உடன்மாணாக்கர். நம் மொழியில் கிறிஸ்தவ பக்தியை அவ்வளவு சரளமாகப் பாடிய கைதான், ஒரே பந்தியில் கலப்பதற்கு எதிராக வாதம் எழுதியது. கவிதைக்கும் பந்திக்கும் இடையே சுவர் இருக்கலாம் என்பதை இலக்கியக்காரர்களான நாம் மறக்காமல் இருப்பது நல்லது. மதுரை அமெரிக்க மிஷன் 1847-ல் இன்னும் ஒரு படி போயிற்று. சொல்லால் போதாது, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டு என்றது. மறுத்த உபதேசியார்களை வேலையிலிருந்து நிறுத்தியது.

இதற்கு எதிர்வாதம் செய்தவர்கள் லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்கள். அதன் தலைவர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை கீழ்த்திசைப் பயணத்தில் இருந்து இங்கே தமிழும் கற்றவர். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். அவருடைய வாதம் லேசானதல்ல. சாதியை உடைத்துவிட்டு வா என்று நன்மைக்கு நிபந்தனை போடுவது, சுவிசேஷத்தைத் திரும்பவும் நியாயப்பிரமாணம் ஆக்குவது. மனிதன் முதலில் கொடுக்கப்படட்டும், அருள் உள்ளே வேலை செய்து சாதியைத் தானே கரைக்கும். லுத்தரை ஒழுங்காகப் படித்தவனுக்கு இதில் குறை சொல்ல இடமில்லை. வில்சனிடமிருந்து வெளியேறிய வேளாளர்களில் பலர் கடைசியில் போய்ச் சேர்ந்தது லைப்சிக் சபையில். அருள் சாதியைக் கரைக்கும்வரை சாதிக்கு அருள் நிழல் கொடுத்தது. அந்த மிஷனுக்குள்ளேயே கார்ல் ஓக்ஸ் இதை ஒப்புக்கொள்ள முடியாமல் விலகிப்போனார்.

கத்தோலிக்கர்களுக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1704-ல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்நோன் போட்ட தடைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க மாட்டேன் என்று குருக்கள் மறுக்கக்கூடாது. மாதவிலக்கான பெண்களுக்கு அவற்றை மறுக்கக்கூடாது. தடை போட வேண்டியிருந்தது என்றால், நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். நாற்பது வருஷ வழக்குக்குப் பிறகு 1744-ல் வந்த சமரசத்தில், பறையருக்கென்று தனியாகக் குருக்களை ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரே அப்பம், இரண்டு கை.

இதைவிட ஸ்தூலமான சாட்சி வடக்கன்குளம். 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயமானது அந்த ஊரில். 2022 மே மாதம் ரோமாபுரியில் புனிதர் பட்டம் பெற்றாரே, அவர்தான். அவர் மரணத்துக்குப் பிறகு அடுத்த நூற்றாண்டில் அதே ஊரில் எழுப்பிய கோயில் கால்சட்டையைப்போல இரண்டாகப் பிரிந்தது. ஒரு கையில் பிள்ளைமாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும், மற்றதில் நாடார்களும் பிறரும். இரண்டும் கூடுகிற முனையில் பீடம். இரு பக்கத்தாருக்கும் சாமியார் தெரிவார், அப்பம் தெரியும். ஒருவரை ஒருவர் தெரியாது. பங்குச்சாமியார் கௌசானல் 1910-ல் நடுச்சுவரை இடித்தார். வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் 1924-25-ல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று கலகம் எழுந்தது நம் அரசியல் சரித்திரத்தில் இடம்பெற்றிருக்கிறது. வடக்கன்குளம் பதினைந்து வருஷம் முந்தியது. கேள்வி ஒன்றுதான். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய்? புராட்டஸ்டன்டுகள் ‘கர்த்தருடைய பந்தி’ என்று சொல்லும்போது, பந்தி என்ற நம் சொல் தன் பழைய அழுக்கோடுதான் உள்ளே வந்தது.

ஆகவே அருளைப் பற்றிய சித்தாந்தத்திலிருந்து பந்தியின் ஒழுங்கைக் கணக்குப்போட்டு வரவழைக்க முடியாது. எல்லாம் அருள் என்ற ஜான்சனியன் கதவைச் சாத்தினான். எல்லாம் அருள் என்ற லுத்தரன் சாதிக்குத் திறந்துவிட்டான். ஒழுக்கம் காட்டு என்றவர்களால் தஞ்சாவூரில் பறையன் வேளாளனோடு ஒரே கிண்ணத்தில் குடிக்க வழி பிறந்தது. அதே ஒழுக்கம் காட்டு என்ற குரலால் என் பெரியம்மா கடைசி வரிசையில் இருந்தாள்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 11-ஆம் அதிகாரம்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற இடம். அபாத்திரமாய் உண்கிறவன் தனக்குத் தீர்ப்பை உண்கிறான் என்று அங்கே வருகிறது. பாவசங்கீர்த்தன விதிகளுக்கெல்லாம் அஸ்திவாரம் இந்த வசனம். ஆனால் அதற்கு முன்னால் உள்ள பத்து வசனத்தைச் சேர்த்து வாசித்தால் பவுல் எதைக் கண்டு கோபப்பட்டார் என்று தெரியும். வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தாங்கள் கொண்டுவந்ததைத் தின்று குடித்துவிடுகிறார்கள். உழைத்துவிட்டுத் தாமதமாக வருகிற ஏழை பட்டினியாக நிற்கிறான். இதற்குப் பெயர் கர்த்தருடைய விருந்தா என்று கேட்கிறார். அங்கே விசாரிக்கப்படுவது யாருடைய அந்தரங்கப் படுக்கையும் அல்ல. பந்தியில் நடந்த பங்கீடு. ஓடாவியோடு குடித்தனம் நடத்திய பெண்ணுக்கு எதிராக இத்தனை காலம் வாசிக்கப்பட்ட வசனம், வடக்கன்குளத்துச் சுவருக்கு எதிராக எழுதப்பட்டது. இப்படி வாசிப்பது என் கண்டுபிடிப்பல்ல, வேத அறிஞர்கள் பலர் சொல்வதுதான். ஆனால் எங்கள் கடற்கரையில் எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

சில வருஷமாக நான் தருவைகுளத்தில் இருக்கிறேன். தூத்துக்குடிக்கு வடக்கே, வேம்பார் போகிற சாலையை விட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பினால் வரும் ஊர். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. இங்கிருந்து போகிற பெரிய படகுகள் நாட்கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடித்து வருகின்றன. 2023 அக்டோபரில் ஒரு படகு பன்னிரண்டு பேரோடு மாலத்தீவுக் காவலிடம் பிடிபட்டது, அவ்வளவு தூரம் போகிறார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிப்பார்கள். இதற்குப் பெயர் பங்கு. கோயில் விசாரணைக்கும் எங்களிடம் பங்கு என்றுதான் பெயர். அதன் குரு பங்குச்சாமியார். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பது ஊரில் யாருக்கும் விசேஷமாகப் படுவதில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஒரு பயணத்தில் இரண்டாம் நாளே காய்ச்சலில் விழுந்து, கரை திரும்பும்வரை உள்ளே சுருண்டு கிடந்தான். வலையைத் தொடவில்லை. பங்கு பிரிக்கும்போது அவனுக்கும் முழுப் பங்கு கொடுத்தார்கள். திராட்சத் தோட்டத்தில் கடைசி மணிக்கு வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்த உவமையை நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் அப்படி ஒன்றையும் நினைக்கவில்லை. அவன் எங்கள் படகில்தானே வந்தான் என்றார்கள். அப்படியானால் யாருக்குத்தான் பங்கு கொடுக்கமாட்டீர்கள் என்று வயசான ஒருவரிடம் கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: “அடுத்தவன் பங்குல கைவச்சவனுக்கு. அவனைப் படகுலயே ஏத்தமாட்டோம்.”

பவுல் சொன்னதற்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவனையும் கைவைத்தவனையும் ஒரே ‘அபாத்திரம்’ என்ற சொல்லுக்குள் போட்டதில்தான் இவ்வளவு குழப்பமும். ஒருவனுடைய வாழ்க்கையில் நேர்ந்துவிட்ட முறிவு அவனை மருந்திலிருந்து தள்ளக் காரணமாகாது. இன்னொருவனுடைய இலையை எடுக்கிறவன், நான் இவனோடு உட்காரமாட்டேன் என்கிறவன், பந்தியையே பந்தியாக இல்லாமல் செய்கிறான். முன்னவனிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். பின்னவனிடம் கேட்டாக வேண்டும்.

சீமோன் வெயில் ஞாபகத்துக்கு வருகிறார். கிறிஸ்துவை நேசித்தார், நற்கருணையின்மேல் ஏக்கமாக இருந்தார். ஆனால் தன் தெளிந்த வாழ்நாள் முழுவதும் ஞானஸ்நானம் வாங்காமல் வாசலிலேயே நின்றார். வெளியே நிற்கிற அவ்வளவு பேரை விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே போக மனமில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 1943-ல் முப்பத்துநான்கு வயதில் இறந்தார். பெரியம்மாவுக்கு அவர் பெயர் தெரியாது. அவளுடைய காரணமும் வேறு, ஒரே ஒரு மனிதரை விட்டுக்கொடுக்காமல் இருந்தாள். ஆனால் இருவரும் வாங்காமல் இருந்ததில், வாங்கிய பலரைவிட அந்த அப்பத்தின் மதிப்பு அதிகம் தெரிந்தது என்று எனக்குப் படுகிறது. இப்படி எழுதும்போதே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். விலக்கப்பட்டவர்களின் பட்டினியை அழகு என்று புகழ்வது, விலக்கியவர்களுக்குச் சௌகரியமாகப் போய்விடும். பெரியம்மாவுக்குக் கொடுத்திருக்க வேண்டும்; அவ்வளவுதான்.

சுவர் கட்டுகிறவனை என்ன செய்வது என்பதில் எனக்கு முழுத்தெளிவு இல்லை. இழுவலை உவமையில் எல்லா ரக மீனும் வலைக்குள் வருகிறது. தரம் பிரிப்பது கரையில், அதுவும் முடிவில். வலையின் வேலை பிரிப்பது அல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடைசியாகத் தூத்துக்குடியில் 1961 வரை, சிப்பிகளைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் போட்டார்கள். எதற்குள் முத்து என்று விற்றவனுக்கும் தெரியாது, எடுத்தவனுக்கும் தெரியாது. யூதாசுக்கும் துணிக்கை கிடைத்தது என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், சாதிக்காரனையும் விலக்கக்கூடாது என்று ஆகிறது. அப்படி விட்டதில்தான் லைப்சிக் வந்தது.

கௌசானல் செய்ததில் ஒரு வழி தெரிகிறது. அவர் வேளாளர்களுக்கு நன்மை இல்லை என்று அறிவிக்கவில்லை. ஒவ்வொருவன் உள்ளத்தையும் சோதிக்கவில்லை. சுவரை இடித்தார். அதற்குப் பிறகு வருகிறவன் வரலாம், ஆனால் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டுதான் வரவேண்டும். நீதிமன்றம் போனவர்கள் தாங்களாகப் போனார்கள். மனித முயற்சிக்கு இடம் எங்கே என்ற பழைய கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவே. நன்மைக்கு நம்மைத் தகுதியாக்கிக்கொள்ள முயற்சி உதவாது, அது கொடுக்கப்படுவது. கடப்பாரை பிடிக்க முயற்சி வேண்டும். அது தானாக இறங்காது. 1910-ல் இடித்தது ஒரு ஊரில் ஒரு சுவர். 2008 மார்ச்சில் எறையூரில், சாதிப் பாகுபாடு தாங்காமல் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். தனிப் பங்கு. அந்தச் சொல் அங்கே என்ன ஆகிவிட்டது என்று பாருங்கள். பிறகு எத்தனை ஊரில் கல்லறைத் தோட்டத்து நடுச்சுவர் இன்னும் நிற்கிறது என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். அதற்கு இரு பக்கமும் கிடப்பவர்கள் எல்லோரும் ஒழுங்காக நன்மை வாங்கியவர்கள்.